எக்ஸ்-மென் இதழ்களில் படைப்பாளிகளின் சண்டையைத் தடம் பிடிப்பது எப்படி

படங்களைப் பார்த்துவிட்டு எக்ஸ்-மென் காமிக்ஸுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஜீன் கிரே சாகிறாள். அவள் காதலன் ஸ்காட் வேறொரு பெண்ணை மணக்கிறான், குழந்தையும் பிறக்கிறது. பிறகு ஜீன் சாகவே இல்லை என்கிறார்கள். ஸ்காட் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறான். கைவிடப்பட்ட அந்த மனைவி சில ஆண்டுகளில் வில்லியாகிறாள், ஜீனின் நகல் என்று தெரியவருகிறாள், செத்தும் போகிறாள். கதையாக மட்டும் படித்தால் இதற்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. யார் எழுதினார், யார் வரைந்தார், யார் மாற்றச் சொன்னார் என்பதையும் கூடவே படித்தால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் காரணம் கிடைத்துவிடும்.

இந்த வழிகாட்டி கிறிஸ் கிளேர்மான்ட் எழுதிய காலத்துக்கு, அதாவது 1975 முதல் 1991 வரைக்கு. ஒரே எழுத்தாளர் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து எழுத, ஓவியர்களும் எடிட்டர்களும் மாறிக்கொண்டே இருந்ததால் மோதலின் தடயங்கள் இங்கே மற்றத் தொடர்களைவிடத் தெளிவாகத் தெரியும்.

கையில் இருக்க வேண்டியவை

94ஆம் இதழிலிருந்து 279 வரை மொத்தத்தையும் முதலிலேயே வாங்க வேண்டாம். தடம் பிடிக்கப் போதுமான பட்டியல் இது: 108 முதல் 143 வரை, 168, 175, 201, 239 முதல் 243 வரை, 267 முதல் 279 வரை, 1991இல் தொடங்கிய புதிய ‘எக்ஸ்-மென்’ தொடரின் முதல் மூன்று இதழ்கள். இவற்றோடு வேறு தொடர்களிலிருந்து ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 258, 286, ‘எக்ஸ்-ஃபேக்டர்’ 1 முதல் 6 வரை, 1984இல் வந்த ‘ஃபீனிக்ஸ்: தி அன்டோல்ட் ஸ்டோரி’. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். பட்டியலிலேயே முக்கியமானது அதுதான்.

பதிப்பு விஷயத்தில் மூன்று பொறிகள் இருக்கின்றன. 1963இல் தொடங்கிய தொடரின் சட்டப்பூர்வப் பெயர் 141ஆம் இதழ் வரை வெறும் ‘எக்ஸ்-மென்’. 142இலிருந்துதான் ‘அன்கேனி எக்ஸ்-மென்’. 1991இல் ‘எக்ஸ்-மென்’ என்ற பெயரில் ஒன்றாம் எண்ணிலிருந்து இன்னொரு தொடர் வந்தது. அதனால் ‘எக்ஸ்-மென் 1’ என்று தேடினால் எந்த ஆண்டு என்று பாருங்கள்.

இரண்டாவது பொறி மோசமானது. 1986இல் ‘கிளாசிக் எக்ஸ்-மென்’ என்ற மறுபதிப்புத் தொடர் தொடங்கியது. பழைய கதைகளை அப்படியே போடாமல், நடுநடுவே புதிதாக வரைந்த பக்கங்களைச் செருகினார்கள். பின்னால் தனிச் சிறுகதைகளும் சேர்த்தார்கள். ஜீன் திரும்பி வந்த பிறகு எழுதப்பட்டவை அவை. 1976இல் நடந்ததை 1986இன் தேவைக்கு ஏற்பத் திருத்திச் சொல்பவை. இதை மூலம் என்று நம்பிப் படித்தால் உங்கள் குறிப்பு முழுதும் தப்பாகிவிடும்.

மூன்றாவது பொறி வாசகர் கடிதப் பக்கம். மார்வெல் அன்லிமிட்டெட் செயலியில் அது பெரும்பாலும் இருக்காது. பல இதழ்களைச் சேர்த்துக் கட்டிய ஆம்னிபஸ் தொகுப்புகள் சிலவற்றில் உண்டு. கிடைத்தால் படியுங்கள், எடிட்டர்கள் வாசகருக்குச் சொல்லும் பதிலில் அலுவலகத்தின் வெப்பம் சில நேரம் கசியும்.

வேலை நடக்கும் விதம்

மார்வெல் முறை என்பார்கள். எழுத்தாளர் முழு ஸ்கிரிப்ட் தரமாட்டார். சில பக்கங்களில் கதைச்சுருக்கம் தருவார், சில சமயம் தொலைபேசியில் பேசுவதோடு சரி. ஓவியர் அதைப் பக்கங்களாகவும் கட்டங்களாகவும் பிரித்துப் பென்சிலில் வரைவார். பக்கங்கள் எழுத்தாளரிடம் திரும்பும். அவர் படத்தைப் பார்த்து வசனமும் கேப்ஷனும் எழுதுவார். பிறகு லெட்டரிங், இங்க், கலர்.

கதையின் வேகம், யாருக்கு எவ்வளவு இடம், எந்த முகம் எந்த உணர்ச்சியில் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் ஓவியர். ஆனால் கடைசிச் சொல் எழுத்தாளருடையது. ஓவியர் வரைந்து முடித்தபின் அந்தப் படத்துக்கு வேறு அர்த்தம் கொடுக்க எழுத்தாளரால் முடியும். தான் வரைந்தது என்னவாக மாறியது என்பது அச்சில் வந்த பிறகுதான் ஓவியருக்குத் தெரியும். எக்ஸ்-மென்னில் நடந்த சண்டைகளில் பாதிக்கு மேல் இந்த ஏற்பாட்டிலிருந்து பிறந்தவைதான். ஆட்களின் குணத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

நோட்டில் இதழுக்கு ஒரு வரி போடுங்கள். இதழ் எண், அட்டைத் தேதி, பிளாட் (கதைத்திட்டம்), ஸ்கிரிப்ட் (வசனம்), பென்சில், இங்க், எடிட்டர், கடைசிக் கட்டத்தில் ‘திடீர் மாற்றம்’. பிளாட்டையும் ஸ்கிரிப்டையும் ஒரே கட்டத்தில் எழுதிவிடாதீர்கள். ஜான் பைர்ன் 108ஆம் இதழில் வெறும் பென்சில் ஓவியராக வந்து, சீக்கிரமே இணைக்கதாசிரியர் என்று பெயர் போட்டுக்கொள்ளும் நிலைக்கு உயர்ந்தார். அந்த மாற்றம் இரண்டும் தனித்தனிக் கட்டத்தில் இருந்தால்தான் தெரியும்.

அட்டைத் தேதியை நம்பிக் காலவரிசை போடக் கூடாது. இதழ் கடைக்கு வந்தது சுமார் மூன்று மாதம் முன்பு. பென்சில் வேலை அதற்கும் சில மாதம் முன்பு. 1980 செப்டம்பர் என்று அட்டையில் உள்ள 137ஆம் இதழைப் பற்றிய சண்டை அந்த ஆண்டின் முற்பகுதியில் நடந்து முடிந்துவிட்டது.

படம் ஒன்று, வசனம் வேறு

முதல் பயிற்சி: வசன பலூன்களையும் கேப்ஷன்களையும் கையால் மறைத்துக்கொண்டு ஓர் இதழைப் படத்தை மட்டும் பார்த்து ஓட்டுங்கள். பிறகு வசனத்தோடு படியுங்கள். இரண்டும் முரண்படும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

140ஆம் இதழில் அணியின் பலசாலியான கொலோசஸ் ஒரு மரத்தின் அடிக்கட்டையைப் பிடுங்கும் காட்சி இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். பைர்ன் அதை அநாயாசமான வேலையாக வரைந்தார். கிளேர்மான்டின் வசனத்தில் கொலோசஸ் திணறுகிறான். இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். பாத்திரத்தின் பலம் எவ்வளவு என்பதை யார் தீர்மானிப்பது என்பதே அங்கே கேள்வி. தான் தொடரை விட்டதற்கு அந்தக் கட்டத்தை ஒரு காரணமாகப் பைர்ன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மூன்று இதழ் கழித்து, 143ஓடு அவர் போய்விட்டார்.

அடுத்து, பாத்திரங்களுக்குக் கிடைக்கும் இடத்தை எண்ணுங்கள். பைர்னுக்கு முன் வரைந்த டேவ் காக்ரமுக்கு அணியில் பிடித்தவன் நைட்கிராலர். கனடாவில் வளர்ந்த பைர்னுக்கோ, அணியிலிருந்த ஒரே கனடாக்காரனான வுல்வரினை ஓரங்கட்டுவது பிடிக்கவில்லை. 1976, 77 இதழ்களில் வுல்வரினுக்கு எத்தனை கட்டம் என்று எண்ணிவிட்டு, ‘வுல்வரின் தனியாக’ என்ற பொருளில் தலைப்பிட்ட 133ஆம் இதழுக்கு வாருங்கள். ஓவியரின் விருப்பம் ஒரு பாத்திரத்தை எங்கே கொண்டுபோகும் என்பது அப்போது விளங்கும்.

ஓவியர்கள் பக்கத்தின் ஓரத்தில் எழுத்தாளருக்குக் குறிப்பு எழுதுவார்கள்: இவன் இங்கே ஏன் திரும்பிப் பார்க்கிறான், இவள் எதை மறைக்கிறாள் என்று. அச்சில் அந்த ஓரம் வெட்டப்பட்டுவிடும். மூல ஓவியங்களை விற்கும் ஏல நிறுவனங்கள் வெளியிடும் படங்களில் சில சமயம் அது அப்படியே இருக்கும். படிக்கக் கிடைத்தால், ஓவியர் என்ன நினைத்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

137: ஒரு முடிவு எப்படி மாறியது

ஃபீனிக்ஸ் என்ற மாபெரும் சக்தியைப் பெற்று, 135ஆம் இதழில் அதன் கெட்ட வடிவமான டார்க் ஃபீனிக்ஸாக மாறிய ஜீன் ஒரு நட்சத்திரத்தை விழுங்குகிறாள். அதைச் சுற்றிய கோளில் ஐந்நூறு கோடி உயிர்கள் அழிகின்றன. கிளேர்மான்டும் பைர்னும் முதலில் போட்ட திட்டப்படி, 137இன் கடைசியில் ஷியார் என்ற வேற்றுக்கிரகப் பேரரசு ஜீனின் சக்தியை நிரந்தரமாக அகற்றிவிடும். அவள் சாதாரணப் பெண்ணாக ஸ்காட்டோடு வீடு திரும்புவாள். அப்படியே வரைந்தும் முடித்துவிட்டார்கள்.

தலைமை எடிட்டர் ஜிம் ஷூட்டர் மறுத்தார். இத்தனை பேரைக் கொன்றவள் தண்டனை இல்லாமல் வீடு திரும்புவதா என்பது அவர் வாதம். சிறைத் தண்டனை என்ற யோசனையும் வந்தது. ஆனால் எக்ஸ்-மென் அவளை விடுவிக்க ஓயாமல் முயல்வார்களே, தொடர் முழுக்க அதுவே கதையாகிவிடுமே என்ற சிக்கல் எழுந்தது. கடைசியில் சாவு என்று முடிவானது. நிலவில் ஜீன் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ளும் இறுதிப் பக்கங்கள் புதிதாக வரையப்பட்டன.

இதைத் தடம் பிடிக்கும் முறை எளிது. 137ஐயும் ‘அன்டோல்ட் ஸ்டோரி’யையும் பக்கம் பக்கமாக அருகருகே வையுங்கள். எந்தப் பக்கம் வரை இரண்டும் ஒன்று, எங்கே பிரிகின்றன என்று குறியுங்கள். பொதுவான பக்கங்களிலும் வசனம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். முடிவு மாறும்போது அதற்கு முன் வரும் பேச்சையும் அதற்கேற்பத் தயார்செய்ய வேண்டியிருக்கும். இறுதிச் சண்டையில் ஒவ்வொருவரும் ஜீனுக்காக நிற்பதா வேண்டாமா என்று யோசிக்கும் இடங்களை இரண்டு முடிவையும் மனத்தில் வைத்துப் படியுங்கள். அவள் பிழைப்பாள் என்ற எண்ணத்தில் வரையப்பட்ட முகங்களே இப்போது அவள் சாவைச் சுமக்கின்றன.

‘அன்டோல்ட் ஸ்டோரி’யின் பின்னால் கிளேர்மான்ட், பைர்ன், ஷூட்டர், இங்க் போட்ட டெர்ரி ஆஸ்டின் முதலானோர் உட்கார்ந்து பேசிய உரையாடல் இருக்கிறது. சம்பவம் நடந்து சில ஆண்டுகளில், எதிரெதிர்த் தரப்புகள் ஒரே மேசையில் பேசியது. இருபது ஆண்டு கழித்துத் தனித்தனியாகக் கொடுத்த பேட்டிகளைவிட இதற்கு எடை அதிகம் கொடுங்கள்.

எங்கள் கருத்தில் ஷூட்டர் சொன்னது சரிதான், அவர் அதைச் சொன்ன நேரம்தான் தவறு. 135 அச்சுக்குப் போகும்முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஆனால் அந்தத் தாமதம் இல்லாவிட்டால் அமெரிக்க காமிக்ஸின் மறக்க முடியாத மரணங்களில் ஒன்று நமக்குக் கிடைத்திருக்காது என்பதும் உண்மை.

சண்டை வேறு தொடருக்கு இடம் மாறும்போது

ஓவியரோ எழுத்தாளரோ ஒரு தொடரை விட்டுப் போனதும் நோட்டை மூடிவிடாதீர்கள். அவர் அடுத்து எங்கே போகிறார் என்று பாருங்கள். பைர்ன் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ எழுதி வரையப் போனார். அவர் போனபின் எக்ஸ்-மென்னில் கிளேர்மான்ட் எழுதிய கதையொன்றில், ஆர்கேட் என்ற வில்லன், ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ தொடரின் வில்லனான டாக்டர் டூமின் கவசத்தில் தீக்குச்சியை உரசிப் பற்றவைக்கிறான், டூமும் பொறுத்துக்கொள்கிறான். தலைக்கனம் பிடித்த டூம் இப்படி நடப்பானா? 1983இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 258இல் பைர்ன் பதில் சொன்னார்: அது டூமே அல்ல, அவன் செய்த ரோபோ, அந்த அவமானத்தைப் பொறுத்ததற்காக உண்மையான டூம் அதை அழிக்கிறான். ஒரு எழுத்தாளர் எழுதியதை இன்னொருவர் தன் தொடரின் பக்கத்தில் வைத்தே ரத்து செய்த கதை.

இதைவிடப் பெரியது 1986. மார்வெல் முதல் ஐந்து எக்ஸ்-மென்னையும் சேர்த்து ‘எக்ஸ்-ஃபேக்டர்’ தொடங்க விரும்பியது. ஜீன் இல்லையே என்பதால் ஐந்தாவது ஆளாக டாஸ்லர் என்ற வேறொரு நாயகியைப் போடுவதாக இருந்தது. ஜீனைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வழி அப்போது கிடைத்தது. அந்த யோசனை கர்ட் பியூசியக் என்ற எழுத்தாளருடையது. அது இன்னொரு எழுத்தாளரான ரோஜர் ஸ்டெர்ன், பிறகு பைர்ன் வழியாக, ‘எக்ஸ்-ஃபேக்டர்’ எழுதவிருந்த பாப் லேட்டனிடம் வந்தது: ஃபீனிக்ஸாக இருந்தது ஜீனே அல்ல, அவள் உருவை எடுத்த ஒரு சக்தி, உண்மையான ஜீன் கடலடியில் ஒரு கூட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தாள். ஜீன் அந்தக் கொலைகளுக்குப் பொறுப்பானவளாக இருக்கக் கூடாது என்ற ஷூட்டரின் நிபந்தனைக்கு இது பொருந்தியது. 1980இல் எழுந்த அதே வாதம் மறுபடி வேலை செய்வதைக் கவனியுங்கள்.

இப்போது தேதிகளை வரிசைப்படுத்துங்கள். அட்டையில் 1986 ஜனவரி: அன்கேனி 201, ‘அவெஞ்சர்ஸ்’ 263, ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 286. பிப்ரவரி: ‘எக்ஸ்-ஃபேக்டர்’ 1. 201இல் ஸ்காட் தலைமைப் போட்டியில், சக்தியிழந்த அணித்தோழி ஸ்டார்மிடம் தோற்று, மனைவி மேடலினோடும் பிறந்த குழந்தையோடும் அணியைவிட்டு விலகுகிறான். அடுத்த மாதம் வேறு எழுத்தாளரின் கையில் அவர்களையும் விட்டுவிட்டு ஜீனைத் தேடி ஓடுகிறான். இரண்டு இதழையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே மனிதன் என்று நம்பவே முடியாது.

286ஆம் இதழின் கிரெடிட்டைத் தவறாமல் பாருங்கள். பைர்ன் எழுதி வரைந்த இதழ்தான். ஆனால் ஜீனும் ஃபீனிக்ஸ் சக்தியும் சந்திக்கும் நினைவுக் காட்சி அவர் கையை விட்டுப் போய், கிளேர்மான்டின் வசனத்தோடு மாற்றி வரையப்பட்டது. பைர்ன் தன் பெயரைப் போட மறுத்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘யாரென்று உங்களுக்கே தெரியும்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. கிரெடிட்டில் பெயர் இல்லாமலோ, விளையாட்டுப் பெயர் போட்டோ இருந்தால் அதைத் ‘திடீர் மாற்றம்’ கட்டத்தில் சிவப்பில் எழுதுங்கள். அச்சில் கிடைக்கும் மிக நேரடியான எதிர்ப்பு அதுதான்.

ஒருவர் உடைத்ததை இன்னொருவர் ஒட்டுப்போடும் வேலையும் தடயம்தான். ‘எக்ஸ்-ஃபேக்டர்’ ஆறாம் இதழிலிருந்து லூயிஸ் சைமன்சன் எழுத வந்தார். முன்பு எக்ஸ்-மென்னின் எடிட்டராக இருந்தவர். நாயகர்கள், தங்களைப் போலப் பிறவியிலேயே சக்தி பெற்ற மியூட்டன்டுகளை வேட்டையாடுபவர்களாக வேஷம் போடுவதுதான் தொடரின் அடிப்படை. அது மியூட்டன்டுகள் மீதான வெறுப்பை வளர்க்கத்தானே செய்யும்? சைமன்சன் அந்த ஓட்டையை மறைக்கவில்லை. அந்த யோசனையைக் கொடுத்த கேமரன் ஹாட்ஜே எதிரி என்று ஆக்கினார். ஸ்காட்டுக்குக் குற்றவுணர்வைக் கொடுத்து மனைவியைத் தேடவைத்தார். எதையும் வெட்டி எறியாமல், நடந்த தவறையே கதையாக்கும் இந்த வித்தையைத் தனியாகக் குறித்துவையுங்கள். மேடலினை ஜீனின் நகலாக்கி, பேய்களோடு சேரவைத்து, 1989இல் முடித்த ‘இன்ஃபெர்னோ’வும் ஒட்டுப்போடும் வேலைதான், ஆனால் அங்கே விலை கொடுத்தது அவள். ஸ்காட்டைக் காப்பாற்ற ஒரு நல்ல பாத்திரத்தைப் பலிகொடுத்துவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

1991: எழுத்தாளர் வெளியேறுகிறார்

1988இல் எடிட்டரான பாப் ஹாரஸும், 1990இல் நிரந்தர ஓவியரான ஜிம் லீயும் வந்தபோது கிளேர்மான்ட் அணியைச் சிதறடித்துவைத்திருந்தார். பழைய பள்ளிக்கூடம் இல்லை, தொடரின் பழைய முதன்மை வில்லனான மேக்னீட்டோவும் இப்போது வில்லன் இல்லை. 200ஆம் இதழிலிருந்து பள்ளியின் பொறுப்பை ஏற்றவன். வாசகருக்குப் பழகிய அணி, பழகிய வில்லன், பழகிய பள்ளி வேண்டும் என்பது மறுதரப்பு. ஜிம் லீயின் படம் விற்பனையைத் தூக்கிக்கொண்டிருந்த நேரம். அலுவலகத்தில் யார் பேச்சு எடுபட்டது என்று சொல்லத் தேவையில்லை.

267இலிருந்து 279 வரை பிளாட் யாருடையது என்ற கட்டத்தை மட்டும் பாருங்கள். 279 கிளேர்மான்ட் தொடங்கி நடுவில் விட்டது. மீதியை ஃபேபியன் நிசியேசா எழுதினார். எந்தப் பக்கத்தில் வசனத்தின் நடை மாறுகிறது என்று கிரெடிட்டைப் பார்க்காமல் கண்டுபிடிக்க முயலுங்கள். கிளேர்மான்டின் கட்டங்களில் சொற்கள் நெருக்கமாக இருக்கும், ஒருவர் தன்னைத் தானே விளக்கிக்கொண்டே சண்டை போடுவார். அது நின்றுபோகும் இடம் தெரியும்.

ஐந்து அட்டைகளோடு வந்து, 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று உலக சாதனை என்று கின்னஸில் ஏறிய 1991 ‘எக்ஸ்-மென்’ முதல் இதழும், அடுத்த இரண்டும் கிளேர்மான்டின் விடைபெறல். மேக்னீட்டோ மறுபடி வில்லன். அவன் நடுவில் நல்லவனாக இருந்ததே மொய்ரா என்ற விஞ்ஞானி அவன் மரபணுவில் செய்த மாற்றத்தால்தானோ என்று கதை கேட்கிறது. சக்தியைப் பயன்படுத்தும்போது அந்த மாற்றம் நிலைக்காது என்று அதே கதை பதிலும் சொல்கிறது. பத்தாண்டு வளர்த்த பாத்திரத்தைக் கையை விட்டுப் போகும் நேரத்தில் எழுத்தாளர் காப்பாற்றிக்கொள்ளும் இடமாக அதைப் படிக்கலாம். மூன்றாம் இதழோடு அவர் விலகினார்.

வென்றவர்களும் தங்கவில்லை. வசனம் எழுத அழைக்கப்பட்டவர் பைர்ன்தான். பக்கங்கள் தாமதமாக வந்துகொண்டிருந்ததால் சில இதழ்களிலேயே அதுவும் முடிந்தது. 1992இல் ஜிம் லீ, ராப் லைஃபெல்ட், டாட் மெக்ஃபார்லேன், மார்க் சில்வெஸ்ட்ரி முதலானோர் வெளியேறி இமேஜ் காமிக்ஸைத் தொடங்கினார்கள். எக்ஸ்-மென்னில் ஜிம் லீயின் ஓட்டம் 11ஆம் இதழோடு சரி.

எங்கே ஏமாறுவீர்கள்

ஓவியர் மாறினாலே சண்டை என்று எழுதிவிடக் கூடாது. 106, 110 போன்றவை ஃபில்-இன். வேலை தாமதமானபோது அலமாரியில் இருந்த கதையை எடுத்துப் போட்டது. காக்ரம் 107ஓடு விலகியதும் யாரோடும் மோதி அல்ல. இரண்டு மாதத்துக்கு ஒன்றாக வந்த தொடர் 112இலிருந்து மாதாமாதம் வரத் தொடங்கியது, அந்த வேகத்துக்குப் பைர்ன் ஈடுகொடுத்தார். காக்ரம் 145இல் திரும்பி வந்து வரைந்திருக்கிறார்.

பேட்டிகளை அப்படியே நம்பாதீர்கள். ஒரு சம்பவத்துக்குக் குறைந்தது இரண்டு தரப்புச் சாட்சியும் பக்கத்தில் ஒரு தடயமும் இருந்தால் மட்டும் நோட்டில் பேனாவால் எழுதுங்கள், மற்றதெல்லாம் பென்சிலில். ‘நான்தான் அந்தப் பாத்திரத்தைக் காப்பாற்றினேன்’ என்று ஒருவர் சொன்னால், கிரெடிட்டில் அந்த மாதம் அவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கைவிடப்பட்ட திட்டங்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். மிஸ்டிக், டெஸ்டினி என்ற இரண்டு பெண்களும்தான் நைட்கிராலரின் பெற்றோர் என்பது கிளேர்மான்டின் பழைய எண்ணம். அன்றைக்கு அதை அனுமதிக்கவில்லை. வேறு எழுத்தாளர்கள் வேறு தகப்பனைக் கொடுத்தார்கள். 2023இல் ‘எக்ஸ்-மென் ப்ளூ: ஆரிஜின்ஸ்’ அந்தப் பழைய எண்ணத்தையே அதிகாரபூர்வமாக்கியது. 2009இல் மார்வெல் கிளேர்மான்டுக்கு ‘எக்ஸ்-மென் ஃபாரெவர்’ என்று ஒரு தொடரே கொடுத்து, 1991இன் மூன்றாம் இதழுக்குப் பிறகு தன் விருப்பப்படி தொடரச் சொன்னது. அதை 1991இல் உண்மையில் வந்திருக்கக்கூடிய கதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினெட்டு ஆண்டு கழித்து எழுதியது அது. 267 முதல் 279 வரை நீங்கள் குறித்த குறிப்புகளை முடித்தபின் அதைப் படித்தால், எதை அவர் அன்றைக்கே விதைத்திருந்தார், எது புதிதாகச் சேர்ந்தது என்று பிரித்துவிடலாம்.